கல்யாண வீட்டில் அழுத இருசம்மாள்

இருசம்மாள் என்ற பெயரை மலர்க்கொடி முதன்முதலில் கேட்டபோது, அவள் கழுத்தில் தாலி ஏறி ஒரு பந்தி முடிகிற நேரம்கூட ஆகவில்லை. மஞ்சள் கயிற்றில் ஈரம் காயவில்லை. மாப்பிள்ளை குழந்தைவேல் பக்கத்தில் உட்கார்ந்து, மாலைக்குள்ளே கையை விட்டு நெஞ்சைச் சொறிந்துகொண்டிருந்தான். அப்போது தெருமுனையிலிருந்து யாரோ மாரடித்துக்கொண்டு அழுதுவருகிற சத்தம் கேட்டது.

"அய்யய்யோ, இருசம்மாடா! அவளுக்கு எவன்டா சொல்லிவுட்டது?" என்று பந்தலில் ஒருவர் எழுந்து நின்று கத்தினார்.

மலர்க்கொடிக்குப் பிறந்த ஊர் செட்டிகுளம். வெங்காயக் காட்டில் வளர்ந்த பெண். தா.பழூர்ப் பக்கத்து வயற்காட்டுச் சனங்களின் வழக்கம் ஒன்றும் தெரியாது. தாலி கட்டியதும் ஒருத்தி வந்து அழுவது இங்கே ஒரு சடங்கு போலிருக்கிறது, பெண்ணைப் பிரித்துக் கொண்டுவந்ததற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நம்மால் ஒரு குறை வரக்கூடாது என்று அவளும் தலையைக் குனிந்து இரண்டு சொட்டு விட்டாள்.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். தலையை விரித்துப் போட்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. பின்னால் அவளோடு களை பறித்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள், அதே சேற்றோடு, அதே அழுகையோடு. ஒருத்தி கையில் பிணத்துக்குப் போர்த்துகிற கோடித் துணி. இருசம்மாள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாழைமரத்தையும் பார்க்கவில்லை. நேராகப் பந்தலின் மூலையில் கிடந்த கயிற்றுக் கட்டிலுக்குப் போய், அதன் தலைமாட்டில் விழுந்து, மண்ணில் அறைந்து அழ ஆரம்பித்தாள்.

கட்டிலில் கிடந்தவர் மாப்பிள்ளையின் அப்பா அங்கமுத்து. பக்கவாதம் வந்து ஒரு கையும் ஒரு காலும் போயிருந்தன. மிச்சம் இருந்த கையில் ஒரு உளுந்து வடை இருந்தது.

"யாருடி செத்தது?" என்றார் அவர், வாயில் வடையோடு.

அழுகையில் இருந்த இருசம்மாள், கேட்பது யார் குரல் என்று யோசிக்காமல், "எங்க சித்தப்பாதான், வேற யாரு!" என்று ராகத்தோடு சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

பந்தல் காலில் கட்டியிருந்த மைக் செட் குழாய் மட்டும் நிற்காமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

குற்றம் அந்தக் குழாயின் மேல்தான். தா.பழூர்க் கடைத்தெருவில் மைக் செட் வைத்திருந்தவன் ராசாங்கம். இரண்டு கூம்புக் குழாய், ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு. வயலில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு அவன் குழாய்தான் பத்திரிகை. நாதஸ்வரம் கேட்டால் எங்கோ தாலி ஏறிவிட்டது. தத்துவப் பாட்டு கேட்டால் யாரோ போய்விட்டார்கள். அம்மன் பாட்டு என்றால் கூழ் ஊற்றுகிறார்கள், தூக்குவாளியைத் தேடலாம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து எந்த ஊர், யார் வீடு என்பதையும் சொல்லிவிடுவார்கள்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. ராசாங்கம் தன் நாதஸ்வரத் தட்டை பஸ் மேலே வெயிலில் போட்டுக் கொண்டுவந்ததில், அது அப்பளம் மாதிரி நெளிந்து போயிற்று. தாலி கட்டும் நேரத்துக்கு என்ன செய்வது? அவனிடம் இன்னொரு பெட்டி இருந்தது. திருச்சி பொன்மலையில் ரயில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்த சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர் ஒருவர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, தட்டுமுட்டுச் சாமானோடு தள்ளிவிட்டுப் போன இசைத்தட்டுப் பெட்டி. அதில் ஒரு அட்டையில், கோட்டுப் போட்ட ஆள் ஒருவன் கன்னம் உப்ப வளைந்த குழலை ஊதிக்கொண்டு நின்றான். ஊதுகிறான், கோட்டும் போட்டிருக்கிறான், நல்ல காரியமாகத்தான் இருக்கும், அவர்கள் ஊர் நாதஸ்வரம் என்று ராசாங்கம் முடிவுகட்டி ஊசியை வைத்துவிட்டான்.

அந்தக் குழல் அழுதது. சாதாரணமாக அழவில்லை, மூச்சை இழுத்து இழுத்து, தேம்பித் தேம்பி அழுதது. டெல்லியில் பெரிய தலைவர் யாராவது இறந்தால் ரேடியோவில் நாள் முழுக்க இப்படித்தான் இழுப்பார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் களை பறித்துக்கொண்டிருந்த இருசம்மாள் காதில் அது விழுந்தது. காற்று சித்தப்பா ஊர்ப் பக்கமிருந்து வந்தது. சித்தப்பா படுக்கையில் கிடக்கிறார் என்பதும் தெரியும். இதற்கு மேல் ஆள் அனுப்பிச் சொல்லவா வேண்டும்?

கல்யாணம் என்று அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் அவளை அழைக்கவில்லை. அதற்குக் காரணமும் ஒரு சாவுதான். இரண்டு வருஷம் முன்னால் அங்கமுத்துவின் மனைவி இறந்தபோது, இருசம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, தொழுவத்தில் மாடு நின்றது, வாசலில் வண்டி கிடந்தது, ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை என்று பாட்டிலேயே வைத்து வாங்கிவிட்டாள். அந்தப் பக்கத்தில் அவளைப் போல ஒப்பாரி வைக்க ஆள் கிடையாது. அதனால் அவள் திட்டியதையும் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஊர் ஊராகப் பாடினார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் நல்லதுக்குத்தான் அழைப்பு வேண்டும். சாவுக்குச் சேதி காதில் விழுந்தால் போதும், பகையைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். அப்படித்தான் வந்தாள்.

அங்கமுத்து மிச்ச வடையை முழுங்கினார். "குழந்தவேலு, சூடத்தைக் கொளுத்துடா. என் சாவுக்கு இவ வரக்கூடாது. வந்தா நான் எந்திரிச்சு ஒக்காந்துருவேன். இவள உள்ள வுட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

மாலையும் கழுத்துமாகக் குழந்தைவேல் எரிகிற சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். புதுப்பெண் முன்னால் அவன் காட்டிய முதல் வீரம் அது. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

இருசம்மாள் முகத்தை அப்போது மலர்க்கொடி பார்த்தாள். அதுவரை வாங்கிய ஏச்சுக்கெல்லாம் அசையாத முகம், அந்தச் சத்தியத்துக்குச் சுருங்கிவிட்டது. பிறகு அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். இருசம்மாளைப் பெற்றவர்கள் ஒரே காலராவில் போய்விட்டார்கள். நான்கு வயசுக் குழந்தையைத் தோளில் தூக்கி வந்து வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் இந்த அங்கமுத்துதான். ஊர்ப் பிணத்துக்கெல்லாம் அழுதவள், தன்னைத் தூக்கி வளர்த்தவர் தலைமாட்டில் உட்கார முடியாது. அதற்குமேல் அவளுக்கு ஒரு தண்டனையை யாரும் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மலர்க்கொடியின் குடித்தனம் அந்தக் கயிற்றுக் கட்டிலைச் சுற்றித்தான் ஓடியது. மாமனாருக்குச் சோறு ஊட்ட வேண்டும், துணி அலச வேண்டும், காலுக்குத் தைலம் தேய்க்க வேண்டும். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ, இந்தா." அவ்வளவுதான். அப்பனைப் பார்த்துக் குழந்தைவேலும் அவளை "இந்தா" என்றே கூப்பிடப் பழகினான்.

தைலம் வாங்கச் சந்தை நாளில் தா.பழூர் போவாள். அப்படிப் போன ஒரு நாள், மைக் செட் கடை வாசலில் கூட்டம். இருசம்மாள் கையில் ஒரு கருங்கல்லோடு நின்றாள்.

"எங்கடா அந்த எளவெடுத்த தட்டு? எடுடா. ஒடைச்சுட்டுத்தான் போவேன்."

"ஒடைங்கக்கா, தாராளமா ஒடைங்க" என்றான் ராசாங்கம். "எனக்குந்தான் பொழப்பு போச்சு. சாவு செட்டுன்னு பேரு வச்சுட்டானுவ, ஒரு கல்யாணத்துக்குக் கூப்புட மாட்டேங்கிறான். கடைசியா ஒரு தடவ கேட்டுக்கிறேன், அப்புறம் ஒடைங்க."

"இத வேற நீ கேக்குறியா?"

"வேற வேல என்ன இருக்கு? அன்னாடம் கேக்குறேன். என் பொஞ்சாதி சோத்தக்கூட வெளிய வச்சுட்டுப் போயிடுறா."

ஊசியை வைத்தான். குழல் அழ ஆரம்பித்தது. இருசம்மாள் கல்லைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, தட்டு நிற்பதற்காகக் காத்திருந்தாள்.

"இவன் யாருக்குடா அழுவுறான்?"

"தெரியலக்கா."

"செத்தது ஆம்பளையா, பொம்பளையா?"

"யாரும் சாவலக்கா. இதுக்குப் பேரு ஜாஸாம். பொன்மலையில விசாரிச்சப்ப சொன்னாங்க."

"சாவாமலே இந்த அழுகையா? வெக்கங்கெட்ட பய." கல் சற்று இறங்கியது. "அந்த எடத்துல மூச்சு வாங்கணும். வாங்காம போறான் பாரு. திருட்டுப்பய, எங்க வாங்குனான்?"

அந்தப் பக்கம் முடிவதற்குள், கல்லைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடுத்த பக்கம் இருக்கா?" என்று கேட்டாள்.

மலர்க்கொடி தைலப் புட்டியோடு அங்கேயே நின்றுவிட்டாள். இருசம்மாள் திரும்பிப் பார்த்து, "நீ யாரு?" என்றாள்.

"நீங்க அழுத கல்யாணத்துப் பொண்ணுங்க."

இருசம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "தாலி இருக்கா?"

"இருக்குங்க."

"புருசன்?"

"அவரும் இருக்காருங்க."

"பொறவென்ன? என் அழுகை ஒண்ணும் பண்ணிடல. போயி ஒன் மாமனார்கிட்ட சொல்லு."

அதிலிருந்து சந்தை நாள் என்றால் இரண்டு பேரும் அந்தக் கடையில்தான். தைலக் கடை எதிர்வரிசையில் இருந்தது. ஊரில் யாரோ குழந்தைவேலிடம் போய் ஓதினார்கள். "மைக் செட் கடையில ஒனக்கு என்னா வேல?" என்று கேட்டான். "தைலம் தீந்துச்சா இல்லையான்னு எதுத்தாப்புல இருந்து பாத்துக்கிறேன்" என்றாள் மலர்க்கொடி. அவனுக்கு எதற்குமே பதில் உடனே வராது.

தட்டில் நான்கு பேர் இருந்தார்கள். அட்டைப் படத்தில் பார்த்து ராசாங்கம் அடையாளம் சொன்னான். குழல் ஊதுகிறவன். பல்லுப்பல்லாய் இருக்கிற பியானோப் பெட்டிக்காரன். ஆள் உயரப் பிடிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறவன். டிரம்காரன். அவன் அடிக்காமல், முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டே இருந்தான்.

இருசம்மாளுக்குக் குழல்காரன் ஒருவன்தான் ஆள். அவன் ஊதும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அவன் நிறுத்தியதும் வாயைத் திறந்துவிடுவாள். எந்த ஊரில் யார் சாகக் கிடக்கிறார்கள், எவள் எவளோடு பேசவில்லை, எல்லாம் வரும். "அவன்தான் முடிச்சிட்டானே, தட்டைத் திருப்புடா" என்பாள்.

ஒரு நாள் மலர்க்கொடிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, சித்த நேரம் வாய மூடுங்க."

ராசாங்கம் பயந்துபோய் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் நகர்ந்தான். இருசம்மாளிடம் அந்த வார்த்தையை அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

"என்னாடி சொன்ன?"

"அவன் முடிக்கலக்கா. ஒதுங்கி நிக்கிறான். இப்ப பொட்டிக்காரன் மொறை. இவன் சொன்னதையே அவன் வேற மாதிரி சொல்றான், கேளுங்க. நாலு பேருக்கும் ஒரே பாட்டுதான். ஆளுக்கு ஒரு தடவ எடுத்துச் சொல்றாங்க."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"நான் குழலைக் கேக்குறதில்லக்கா. அடியில ஒருத்தன் நடந்துகிட்டே இருக்கான் பாருங்க, தும் தும்முன்னு, அந்தப் பெரிய பிடில்காரன். அவன் பின்னாடியே போவேன். அவன் யாருக்கும் தெரியாம வேல பாக்குறான். அவன் பின்னாடி போனா யாரு வரா, யாரு போறான்னு எல்லாம் தெரியுது."

இருசம்மாள் அன்று தட்டை முதலிலிருந்து திரும்பப் போடச் சொன்னாள். அடுத்த சந்தைக்கு வந்ததும் கல்லில் உட்கார்ந்து, "இன்னிக்குப் பொட்டிக்காரன் மட்டும்" என்றாள். அதற்கடுத்த வாரம் முறத்துக்காரன். ஒரு தடவைக்கு ஒருவன் பின்னால்தான் போவது, அவன் சும்மா இருந்தால் தானும் சும்மா இருப்பது என்று வைத்துக்கொண்டாள். சும்மா இருப்பதுதான் அவளுக்குப் பிரசவ வலி மாதிரி இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு முந்தானையை முறுக்குவாள்.

சாவு வீடுகளில் அவள் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். குரல் நல்ல குரல்தான். ஆனால் இன்னொருத்தி வாயெடுத்தால் அடுத்த அடியை இவள் பிடுங்கிவிடுவாள். செத்தவருக்குப் பெற்ற மகளே ஆனாலும், இருசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்குச் சிந்தத்தான் நேரம் கிடைக்கும்.

அப்புறம் ஒரு நாள் குழல் உச்சிக்குப் போய்க் கீச்சிட்ட இடத்தில் இருசம்மாள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "இவன் அழுவலடி! திட்டுறான்! யாரையோ வச்சுக்கிட்டு அழுவுற மாதிரி திட்டுறான். அந்தப் பொட்டிக்காரன் ஆமாங்கிறான் பாரு, அவனுக்கும் அதே ஆளு மேல கோவம்." ராசாங்கம் மறுபடி அதே இடத்தில் ஊசியை வைத்தான். மூன்று பேரும் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். கடைத்தெருவில் போனவர்கள், மூன்று பேருக்கும் செட்டிகுளத்து மலைக்கோயிலுக்குப் போய் முடி இறக்கினால் தெளியும் என்று பேசிக்கொண்டார்கள்.

இருந்தாலும் கிளம்பும்போது தவறாமல் ஒரு கேள்வி கேட்பாள். "சித்தப்பா எப்புடி இருக்காரு?"

"இருக்காருக்கா. நேத்தும் சொன்னாரு, அவள உள்ள வுட்டுறாதீங்கன்னு."

"சொல்றதுக்கு மட்டும் வாயி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏரிக்கரைப் பக்கம் திரும்பி நடப்பாள்.

சத்துணவுத் திட்டம் வந்ததற்கு மறுவருஷம், பங்குனி உத்திரத்தன்று காலையில் அங்கமுத்து இறந்துபோனார். கஞ்சி கேட்டார். மலர்க்கொடி ஆற்றி எடுத்து வருவதற்குள் போய்விட்டார். சுற்றுவட்டாரத்து மைக் செட்டெல்லாம் திருவிழாவுக்குப் போயிருந்தன. சும்மா கிடந்தது ராசாங்கத்தின் செட் ஒன்றுதான்.

"அந்தத் தட்டு என் கண்ணுல படக்கூடாது" என்று சொல்லித்தான் குழந்தைவேல் அவனைச் செட் கட்ட விட்டான். ராசாங்கம் ஒழுங்காகத் தத்துவப் பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தான். பெண்கள் வந்து உட்கார்ந்து கொஞ்சம் அழுதார்கள், கொஞ்சம் வெற்றிலை போட்டார்கள். தலைமாடு காலியாக இருந்தது. அங்கே யாரும் உட்காரவில்லை. அது யார் இடம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஏரிக்கு அந்தப் பக்கத்துக்கு ஆள் போகவில்லை. குழந்தைவேல் அனுப்பவில்லை. மலர்க்கொடி அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி இருந்தாள். குழந்தைவேல் பாடைக்கு மூங்கில் பார்க்கக் கொல்லைப் பக்கம் போனதும் எழுந்து ராசாங்கத்திடம் போனாள்.

"அண்ணே, குழாய ஏரிப் பக்கம் திருப்புங்க. அதப் போடுங்க."

"ஒன் புருசன் என்னை வெட்டிருவாம்மா."

"மூங்கில் வெட்டுறதுக்கே அரிவாள் இரவல் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு. நீங்க போடுங்க."

குழல் அழுதுகொண்டு ஏரியைத் தாண்டிப் போயிற்று. குழந்தைவேல் ஓடி வந்து ஊசியைத் தட்டிவிடுவதற்குள் முதல் பக்கம் பாதி முடிந்துவிட்டது. அது போதுமானதாக இருந்தது.

இருசம்மாள் இந்தத் தடவை அழுதுகொண்டு வரவில்லை. தெருமுனையில் நின்று, அங்கே இருந்த பையன்களிடம், "செத்துட்டாரா, இல்ல வடை திங்கிறாரா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் தலையை அவிழ்த்தாள்.

வாசலில் குழந்தைவேல் இரண்டு கையையும் விரித்து மறித்தான். "அக்கா, வேணாம். சூடத்த அணைச்சிருக்கேன்."

"நான் வந்தா என்னா ஆவும்னு சொன்னாரு ஒங்கப்பன்?"

"எந்திரிச்சு ஒக்காந்துருவேன்னாரு."

"அப்ப வுட்டுப் பாரேன்டா. எந்திரிச்சா ஒனக்கு அப்பன் கெடைச்சான். எந்திரிக்கலேன்னா நான் ஒக்காந்து அழுவுறேன். ரெண்டுல எதுடா ஒனக்கு நட்டம்?"

பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். குழந்தைவேல் யோசித்தான். அவன் யோசித்து முடிக்கும்வரை நிற்க அவளுக்கு நேரம் இல்லை. அவன் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

தலைமாட்டில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். கூட்டமும் பார்த்தது. பின்வரிசையில் எக்கிக்கூடப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிக்கிறேன்னு சொன்னியே சித்தப்பா" என்றாள் இருசம்மாள், பாட்டாக இல்லாமல், பேச்சாக. அதற்கப்புறம்தான் எடுத்தாள்.

"ஏரிக்கரை மேட்டுல நான்
ஏங்கி நின்ன வேளையில
தோளு மேல தூக்கிவந்த
தொரையே எங்க போறீங்க?"

பெண்கள் மாரடித்தார்கள். அடுத்த அடிக்காக எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அடுத்த அடி வரவில்லை. இருசம்மாள் நிறுத்திவிட்டாள். உள்ளங்கையால் தரையில் தட்ட ஆரம்பித்தாள். தும், தும், தும், தும். மெதுவாக, ஒரே நடையாக. மலர்க்கொடிக்கு அந்த நடை தெரியும். பெரிய பிடில்காரனின் நடை. நிமிர்ந்தாள். இருசம்மாள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலர்க்கொடி அதுவரை எந்தச் சாவிலும் வாயைத் திறந்தது கிடையாது. குரல் கட்டையாக வந்தது.

"தோளு மேல தூக்கவில்ல
தொணைக்கு ஒரு சொல்லுமில்ல
பீத்துணிய அலசினேனே மாமா
பேரு சொல்லிக் கூப்புடலியே..."

கூட்டத்தில் யாரோ "அடி ஆத்தே" என்றார்கள். இருசம்மாள் கை நிற்கவில்லை. அவள் வாய் இரண்டு தடவை திறந்து மூடியதை மலர்க்கொடி பார்த்தாள். அடுத்த அடி அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, பிடித்து முழுங்கிவிட்டாள். மலர்க்கொடி தைலத்தைப் பாடினாள். ஆறிப்போன கஞ்சியைப் பாடினாள். "ஏ, இந்தா" என்று அவர் கூப்பிடுகிற மாதிரியே இழுத்துக் காட்டியபோது, அழுகிற பெண்களுக்கே சிரிப்பு வந்து, சிரித்ததற்காக இன்னும் அதிகமாக அழுதார்கள். அவள் முடித்ததும் பக்கத்தில் இருந்தவள் எடுத்தாள். அதற்கடுத்து இன்னொருத்தி. எல்லோருக்கும் முறை வந்தது. பாடையைத் தூக்க நேரமாகிவிட்டது என்று ஆண்கள் வெளியிலிருந்து கத்தவேண்டியதாயிற்று.

சாயங்காலம் குழந்தைவேல் குளித்துவிட்டு வந்து வாசலில் நின்று, "மலர்க்கொடி, தண்ணி குடு" என்றான். பழக்கம் இல்லாததால் பாதிப் பேரில் இருமல் வந்துவிட்டது.

அதற்கப்புறம் இருசம்மாள் போன சாவுகளில் நேரம் கூடுதலாயிற்று. எல்லோருக்கும் முறை விடுகிறாள் என்று சிலருக்கு அவள்மேல் குறைகூட உண்டு. ராசாங்கம் கேசட் வந்ததும் குழாயை விற்றுவிட்டு, பொன்மலைப் பெட்டியை மலர்க்கொடியிடம் கொடுத்துவிட்டான். மலர்க்கொடி அந்தத் தட்டை இன்னும் வெயில் படாமல் வைத்திருக்கிறாள்.

இருசம்மாள் இப்போது அரியலூரில், ரயிலடிக்குப் பின்னால் இளைய மகன் செல்லமுத்து வீட்டில் இருக்கிறாள்.